சனிக்கிழமை அறிவியல் வகுப்பு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில், கோயில் மண்டபத்தை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை காலையில் அறிவியல் வகுப்பு நடத்துகிறேன். பழைய ஆட்களுக்கு இந்த ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஆண்டு 4 முதல் ஆண்டு 6 வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையை இறக்கிவிட வரும் அப்பாக்கள் மோட்டார் சைக்கிள் எஞ்சினை அணைக்காமலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். அம்மாக்கள் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்பார்கள். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் அல்ல அவை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

விடையைச் சொல்லிக்கொடுக்காமல் "நீ என்ன நினைக்கிறே?" என்று ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிக் குவளையில் சிவப்பு சிராப் ஊற்றி, ஐஸ் போட்டு மேசைமேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் குவளைக்கு வெளியே முத்து முத்தாக நீர் பூத்தது. "இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டு, ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் "உள்ளேருந்து கசிஞ்சிருக்கு" என்று எழுதினார்கள்.

ஒரு பெண்பிள்ளை வெள்ளை டிஷ்யூத் தாளால் குவளையைத் துடைத்துப் பார்த்தாள். "வெள்ளையாவே இருக்கு டீச்சர். கசிஞ்சிருந்தா சிவப்பா இருக்கணுமே?" கசிந்தது என்று சொன்ன ஆண்டு 5 பையன் விடவில்லை. "சாயம் உள்ளேயே நின்னுடும். தண்ணி மட்டும்தான் வெளியே வரும்" என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. வடிகட்டியைப் பற்றி நான் நடத்திய பாடத்தை எடுத்துவந்து தன் கட்சிக்கு வாதாடுகிறான்! அவனை எப்படித் தவறு என்று அடக்குவது?

"சரி, கசிஞ்சா எடை என்னவாகும்?" என்று கேட்டேன். கசிந்த நீரும் தராசின் மேலேதான் இருக்கும், அதனால் எடை மாறாது என்று அவர்களே பேசி முடிவுக்கு வந்தார்கள். உறைந்த தண்ணீர்ப் புட்டியை இறுக மூடி, வெளிப்புறம் துடைத்து, மாவு நிறுக்கும் சமையலறைத் தராசில் வைத்தோம். பத்து நிமிடத்தில் எண் மூன்று கிராம் ஏறியது. பையன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "அப்போ வெளியேருந்துதான் வந்திருக்கணும்" என்றான்.

இதே பையன் பள்ளித் தேர்வில், நீராவி குளிர்ந்து நீர்த்துளியாவதற்கான வரையறையை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். தேர்வுக்கு ஒரு விடையும், தான் நம்புவதற்கு இன்னொரு விடையுமாக இரண்டையும் தனித்தனியே வைத்திருந்திருக்கிறான். நான் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலேயே அவன் படிவம் 5 தேர்வான எஸ்.பி.எம். வரை போயிருப்பான்.

இது உங்கள் சொந்த முறையா? இதற்கு ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா?

சொந்த முறை இல்லை. முதலில் ஊகித்துச் சொல்ல வைப்பது, பிறகு உற்றறிய வைப்பது, கடைசியில் விளக்க வைப்பது என்ற இந்த வரிசையை 1992ல் நூலாக்கிப் பரப்பியவர்கள், மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் வைட், ரிச்சர்ட் கன்ஸ்டன் இருவரும். அதற்கு முன்பே இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவர், பிள்ளைகள் வெற்றுத் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை என்பதை வகுப்பு வகுப்பாகப் போய்ப் பதிவு செய்தார். வெப்பம், ஒளி, விசை பற்றியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொந்தக் கருத்துகள் இருக்கின்றன. அவற்றுக்கென ஒரு நியாயமும் இருக்கிறது. பாடம் அவற்றின் மேல் படியாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. கடந்த நாற்பது ஆண்டு அறிவியல் கல்வி ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து கிளைத்தது என்றே சொல்வேன்.

பெரியவர்களிடமும் இதே கதைதான். 1985ல் அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டெனஸும் இப்ராஹிம் ஹலூனும், விசையைப் பற்றி கணக்கே இல்லாத எளிய வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் அதைத் தம் மாணவர்களிடம் கொடுத்தபோது ஒரு மாணவி, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். சிராப் குவளைப் பையனுக்கும் ஹார்வர்ட் மாணவிக்கும் ஒரே சிக்கல். மசூர் அதன்பிறகு விரிவுரையைக் குறைத்தார். ஒரு கேள்வி போடுவார், எல்லாரும் விடையைத் தேர்ந்தெடுப்பார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவார்கள், மறுபடியும் தேர்ந்தெடுப்பார்கள். 1991ல் தொடங்கிய இந்த முறை இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது.

1998ல் ரிச்சர்ட் ஹேக், விசை பற்றிய இத்தகைய வினாத்தாள்களில் 6,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பெற்ற முடிவுகளைத் திரட்டினார். பாடம் தொடங்குமுன் தெரியாமலிருந்ததில் எவ்வளவைப் பாடம் முடிவதற்குள் பிடித்துக்கொண்டார்கள் என்று பார்த்தார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் ஏறக்குறைய 23 விழுக்காடு. பேசி, செய்து, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 48 விழுக்காடு. 2014ல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வியடைந்தவர்கள் ஏறத்தாழ 34 விழுக்காடு, மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 22 விழுக்காடு. இவை பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதே எண் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். போக வேண்டிய திசை எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீட்டுக்கு வந்து "இன்னிக்குச் சும்மா பேசினோம், விளையாடினோம்" என்கிறான். படித்த மாதிரியே தெரியவில்லையே?

இதை ஓர் ஆய்வு நேராகவே சோதித்திருக்கிறது. ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் சக ஆய்வாளர்களும் 2019ல் வெளியிட்டது. ஒரே இயற்பியல் பாடத்தைப் பாதி மாணவர்களுக்கு நல்ல சொற்பொழிவாகவும், மீதிப் பேருக்குத் தாங்களே முட்டிமோதித் தீர்க்கும் விதமாகவும் நடத்தினார்கள். சொற்பொழிவு கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். சோதனையில் கூடுதலாகப் பெற்றவர்கள் முட்டிமோதியவர்கள்.

சரளமாக ஒருவர் சொல்லிக்கொண்டே போனால் நமக்கும் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆடு புலி ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது போலத்தான், நாம் காய் நகர்த்தும்போதுதான் தெரியும் எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்று. அதனால் பிள்ளையிடம் "என்ன படிச்சே?" என்று கேட்காமல், "இன்னிக்கு எதை முதல்ல தப்பா நினைச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவான்.

அப்படியானால் ஆசிரியர் விளக்கவே கூடாதா?

விளக்க வேண்டும், கட்டாயம் விளக்க வேண்டும். இதில் நானே ஒருமுறை பிழை செய்திருக்கிறேன். ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில், ஆண்டு 5 வகுப்புக்கு மின்கலன், மின்கம்பி, சிறு குமிழ் விளக்கு எல்லாம் கொடுத்து "நீங்களே கண்டுபிடியுங்க" என்று விட்டுவிட்டேன். இருபது நிமிடத்தில் ஒரே ஒரு குழுவின் விளக்கு எரிந்தது, அதுவும் ஏன் என்று தெரியாமல். இன்னொரு குழு கம்பியை நேராக மின்கலனின் இரு முனைகளிலும் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டது. மெதுவாகக் கற்கும் மூன்று பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தார்கள். அந்த மூன்று முகங்கள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

2006ல் பால் கிர்ஷ்னர், ஜான் சுவெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இதைத்தான் எச்சரித்தது. புதிதாகக் கற்பவரின் நினைவில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் நிற்கும். வழிகாட்டாமல் விட்டால் அந்த இடமெல்லாம் தட்டுத்தடுமாறுவதிலேயே தீர்ந்துபோகிறது. அந்தக் கட்டுரையைப் பலர் மறுத்தும் எழுதினார்கள். வழிகாட்டலோடு நடக்கும் ஆய்வு வேறு, கைவிடுவது வேறு என்பது அவர்கள் பதில். இரு தரப்பும் சொல்வதில் எனக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கேள்வி முன்னால், விளக்கம் பின்னால், நடுவில் ஆசிரியரின் கை.

அமெரிக்காவில் ரோட்ஜர் பைபீயின் குழு 1980களில் அமைத்த ஐந்து படிப் பாடமும் இந்த வரிசைதான்: ஈடுபடுத்து, ஆராயவிடு, விளக்கு, விரிவுபடுத்து, மதிப்பிடு. விளக்கம் மூன்றாவது இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இப்போது மின்சுற்றுப் பாடத்தில் ஒரு சுற்றை நானே கட்டிக்காட்டி, ஒரு கம்பியைக் கழற்றப்போகிறேன், என்ன ஆகும் என்று கேட்டுத் தொடங்குகிறேன். மூன்று பிள்ளைகள் ஓரமாய் நிற்பதில்லை.

நம் ஊரில் ஆய்வுக்கூடம் எங்கே? நகரத்துப் பிள்ளைகளுக்குத்தானே இதெல்லாம்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் வருகிறது. நாம் நிற்கும் மண்ணைப் பாருங்கள். மலேசியாவில் வணிகத்துக்காக 1917ல் முதன்முதலில் செம்பனை (பாமாயில் தரும் மரம்) நடப்பட்ட, தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் நடந்துகொண்டிருக்கும் இடம் இது. அதில் உழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

ஒரு சனிக்கிழமை, பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த, ஒரு பாட்டியை வகுப்புக்கு அழைத்து வந்தேன். "விடியறதுக்கு முன்னாடியே ஏன் பாட்டி வெட்டுவீங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "வெயிலு ஏறிடுச்சின்னா பாலு நின்னுபோயிடும்யா" என்றார். ஏன் நிற்கும்? ஒருவன் பால் காய்ந்துவிடும் என்றான். ஒருத்தி மரம் தூங்கி எழுந்துவிடும் என்றாள். நான் இருவரையும் மறுக்கவில்லை. கூடத்துக்கு வெளியே செம்பருத்திக் கிளை ஒன்றில் பிளாஸ்டிக் பையைக் கட்டினோம். நிழலில் இருந்த இன்னொரு கிளையிலும் கட்டினோம். பதினொரு மணிக்கு வெயில்பட்ட பைக்குள் நீர் கோத்திருந்தது, நிழல் பையில் கொஞ்சம்தான். இலை வழியாக நீர் போகிறது, வெயிலில் அதிகம் போகிறது. அப்படிப் போனால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் என்னவாகும்? பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் இரவெல்லாம் ஏறி, விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கிறது. வெயில் ஏறினால் குறைகிறது. பாட்டி அதுவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெட்டு இடதுகை மேலே, வலதுகை கீழேன்னு சாய்வா போவணும், அதையும் கேளுங்கடா" என்றார். பால் குழாய்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும். கங்காணி சொன்னபடி செய்ததாகத்தான் அறுபது ஆண்டு நினைத்திருந்தேன், அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று அவர் கேட்டபோது கூடமே அமைதியாகிவிட்டது.

அந்த ரப்பர்ப் பாலை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி ஒன்றில் மட்டும் காடி (வினிகர்) சேர்த்தோம். காடி சேர்த்தது கண்ணெதிரே திரண்டது. சேர்க்காததற்கு ஒன்றும் ஆகாது என்று எல்லாரும் எழுதினார்கள். மறுநாள் அதுவும் திரண்டு நாற்றமெடுத்தது. பாலில் வளர்ந்த பாக்டீரியாவே அமிலம் உண்டாக்கிவிட்டது. ஊகம் பொய்த்த அந்த நாற்றத்தை அவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

செம்பனையில் இன்னும் பெரிய கதை இருக்கிறது. 1981க்கு முன்னால் தோட்டங்களில் பெண்கள் மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை செய்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், செய்தவர்கள் இருப்பார்கள். செம்பனைக்குக் காற்றால்தான் மகரந்தம் போகிறது என்று அறிஞர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூன் நாட்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்து உற்றறிந்தார். அங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு சின்னஞ்சிறு வண்டு என்று கண்டார். 1981ல் அந்த வண்டை மலேசியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கையால் தூவும் வேலையே தேவையற்றுப் போனது. தப்பாக நினைப்பது பிள்ளைகளின் குறை அல்ல, அறிவியலே அப்படித்தான் நகர்கிறது என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. ஆண் பூங்கொத்து ஒன்றை வெள்ளைத் துணிமேல் தட்டினால் அந்த வண்டுகள் உதிர்ந்து ஓடும். பூதக்கண்ணாடி ஒன்று போதும்.

எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பத்தில் வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவற்றை அடுப்பில் நன்றாகச் சூடாக்கிவிட்டு, கையுறை போட்டுப் பிரித்தால் எலியின் மண்டையோடு, தாடை, விலா எலும்பு எல்லாம் முழுசாகக் கிடைக்கும். உணவுச் சங்கிலிப் பாடத்துக்கு வேறு படம் எதற்கு? தோட்டத்துக்குள் போகுமுன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும், பாம்புக்குப் பயந்து காலணி போட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் அறிவியல் படித்தால், மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் திணற மாட்டார்களா?

திணறுவார்கள், முதல் சில மாதங்கள். அந்தக் கவலை உண்மையானது, அதை நான் மழுப்ப மாட்டேன். 2003ல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் வந்தது, பிறகு கைவிடப்பட்டது. 2016ல் இருமொழித் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: எந்த மொழி? ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போகிறது: பிள்ளை எந்த மொழியில் வாதாடுகிறது?

"சாயம் உள்ளேயே நின்னுடும், தண்ணி மட்டும்தான் வெளியே வரும்" என்ற வாக்கியத்தை அந்தப் பையனால் தமிழில்தான் சொல்ல முடிந்தது. வேறு மொழியில் கேட்டிருந்தால் "தெரியாது" என்றிருப்பான், நானும் அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்திருப்பேன். பிள்ளைக்குத் தெரிந்த எல்லா மொழிகளையும் வகுப்பில் அனுமதித்து, அங்கிருந்து பாடமொழிக்கு நடத்திச் செல்ல வேண்டும் என்பதுதான் பன்மொழி வகுப்பறைகளைப் பற்றிய இன்றைய ஆய்வுகள் அழுத்திச் சொல்வது.

அதனால் நான் செய்வது இது: கருத்தைத் தமிழில் பிடிக்க வைக்கிறேன். பிடித்த பிறகு அதே பாடத்தில் மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுத வைக்கிறேன். ஒளிச்சேர்க்கை என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபோட்டோசிந்தெசிஸ். ஆவியாதல் என்பதற்கு மலாயில் பென்யெஜாத்தான். ஆவி குளிர்ந்து நீராவதற்குக் கொண்டென்சாசி. ஆண்டு 6 முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் ஏறக்குறைய இருநூறு சொற்கள் மூன்று மொழியிலும் இருக்கும். சொல்லை ஒரு விடுமுறையில் மனனம் செய்துவிடலாம். கருத்தை அப்படிச் செய்ய முடியாது.

ஆண்டு 6 அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். இப்போது இல்லை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2021ல் யூ.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது, அடுத்த ஆண்டு படிவம் 3 தேர்வான பி.தி.3. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். எந்தத் திறனில் 3, எதில் 5, ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998ல் சொன்னது இதுதான்: பாடம் நடக்கும்போதே பிள்ளையின் நிலையை அறிந்து, அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றினால்தான் மதிப்பீட்டுக்குப் பயன். கோப்பில் போடுவதற்கு மட்டும் என்றால் அது வேலைச்சுமை.

தேர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கண்டிப்பு தளர்ந்துவிடக் கூடாது. படிவம் 2 மாணவர்களின் கணித, அறிவியல் அடைவை அளக்கும் அனைத்துலக திம்ஸ் ஆய்வில் நம் நாட்டின் அறிவியல் புள்ளி 2019ல் 460, 2023ல் 426. அளவுகோலின் நடுப்புள்ளி 500. இது தமிழ்ப்பிள்ளைகளின் எண் அல்ல, நாட்டின் எண். நம் பிள்ளைகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

வீட்டில் சிறு சோதனை வைப்பது நல்லது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்ல வைப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிற்கும் என்று ரோடிகர், கார்பிக் இருவரும் 2006ல் காட்டியிருக்கிறார்கள். பிரம்பு வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

என் மகள் பார்த்துக் கற்பவள், கேட்டுக் கற்பவள் இல்லை என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். அதற்கேற்ப நடத்துவீர்களா?

மாட்டேன். கற்றல் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008ல் பாஷ்லர் குழுவினர் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். உங்கள் மகளுக்குப் படமும் வேண்டும், சொல்லும் வேண்டும், கையால் செய்வதும் வேண்டும். இந்தப் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கும் பயிற்சிகளுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

என் பிள்ளை கொஞ்சம் பின்தங்கியவன். இப்படிப் பேசி விவாதிக்கும் வகுப்பில் கெட்டிக்கார பிள்ளைகள்தானே முன்னால் போவார்கள்?

நானும் அப்படித்தான் பயந்தேன். 2020ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு வேறு மாதிரி காட்டுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், வாய்ப்புக் குறைந்த சமூகங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்வுப் புள்ளியில் இருந்த இடைவெளி, ஈடுபட்டுக் கற்கும் வகுப்புகளில் 33 விழுக்காடு குறைந்தது. தேர்ச்சியில் இருந்த இடைவெளி 45 விழுக்காடு குறைந்தது. லயத்து வீட்டிலிருந்து தாமானுக்கு வந்து ஒரே தலைமுறைதான் ஆகியிருக்கும் நமக்கு இது சின்ன செய்தி இல்லை.

ஆனால் அது தானாக நடக்காது. நான் கேள்வி கேட்டதும் கையைத் தூக்கச் சொல்வதில்லை. எல்லாரும் தாளில் எழுத வேண்டும். பிறகு காத்திருக்கிறேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டறிந்தார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன, பேசாத பிள்ளை பேசுகிறது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். 26 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் அந்த மூன்றாவது விநாடி எனக்கு நீளமாகத்தான் இருக்கிறது. உங்கள் பையன் பேசுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை. இதை எங்கே நுழைப்பது?

வாரத்துக்கு ஒரு பாடம், அதில் ஒரு கேள்வி, பத்து நிமிடம். எல்லாப் பாடத்தையும் இப்படி மாற்றப் புறப்பட்டால் மூன்றாவது வாரத்தில் களைத்துவிடுவீர்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தவறாக நினைக்கும் தலைப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள்: நிழல், மிதத்தல், பருவமாற்றம், செடி எதைத் தின்று வளர்கிறது என்பது. செயற்பாங்குத் திறன்களை, உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று தனியாக வரையறை எழுத வைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தினாலே இந்தப் பத்து நிமிடம் கிடைத்துவிடும். காடிக் கிண்ணச் சோதனையைச் செய்த பிள்ளைக்கு எது தற்சார்பு மாறி (நாமே மாற்றிப் பார்ப்பது) என்று சொல்லத் தெரியும்.

தோட்டப் பள்ளிகளில் வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று குறைந்துவிட்டதே என்று வருந்துகிறோம். எண்ணிக்கை குறைவது வேதனைதான். ஆனால் எட்டுப் பேரின் ஊகத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்கும் வாய்ப்பு நாற்பது பேர் வகுப்பில் இல்லை. அதை வீணாக்காதீர்கள்.

யூடியூபிலும் செயற்கை நுண்ணறிவிலும் எல்லாமே கிடைக்கிறதே?

கிடைக்கிறது, நானும் பார்க்கிறேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் பாவனைச் செயலிகள் இலவசமானவை. கண்ணுக்குத் தெரியாத அணு, மின்னோட்டம் போன்றவற்றை அவற்றில் காட்டுகிறேன். தொட்டுப் பார்க்க முடிவதைத் திரையில் காட்டுவதில்லை. பிள்ளை செயற்கை நுண்ணறிவிடம் கேட்பதைத் தடுக்காதீர்கள். கேட்குமுன் தன் விடையை ஒரு தாளில் எழுதட்டும், பிறகு ஒப்பிடட்டும். தாள் வெறுமையாக இருந்தால் திறன்பேசி கிடையாது. எங்கள் வகுப்பில் இது சட்டம்.

அடுத்த சனிக்கிழமைக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

எட்டரைக்கு வந்துவிட வேண்டும். மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்று, அரை கிலோ சாதாரண உப்பு, உடைத்த செம்பனைக் கொட்டை ஒரு கைப்பிடி, ஓடும் பருப்பும் கலந்தபடியே. பிரிக்க வேண்டாம். செம்பனை ஆலைகளில் ஓட்டையும் பருப்பையும் பிரிக்கக் களிமண் கரைத்த தண்ணீரைப் பயன்படுத்துவார்கள், ஆலையில் வேலை செய்யும் அப்பாக்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து விடையை வீட்டில் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். வெறும் தண்ணீரில் போட்டால் எது மிதக்கும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எது முதலில் மேலே வரும், ஏன் என்று பிள்ளை தன் கையால் ஒரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும்.